கஜலக்சுமி வைக்காத கையெழுத்து

கஜலக்சுமி ஒருத்தரையும் காட்டிக் கொடுக்கவில்லை. சிவகலாவின் கடையில், அரிசிச் சாக்கு அடுக்கின மூலையில் நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பிள்ளைக்கு இப்பவும் அதைத்தான் சொல்கிறேன்.

"பொலிசுக்குப் போகப்போறாள். பேந்து அதுக்கு என்ன பேர் ஆச்சி?" என்று கேட்டாள் சிவகலா, தராசில் வெண்டிக்காயைப் போட்டுக்கொண்டு.

"பொலிஸ் கூப்பிட்டிருக்கு. கூப்பிட்டுப் போறதும் தானாய்ப் போறதும் ஒண்டோடி?"

"ஆரைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டது? மகேஸ் அண்ணையைப் பற்றி. எங்கட ஆள் ஒருத்தர் இந்த ஊரிலை நகரசபைக்குள்ளை போயிருக்கிறார். அது அவளுக்குப் பொறுக்கேல்லை."

"அவளுக்கு நகரசபை எந்தத் தெருவிலை எண்டே தெரியாது."

"நீங்கள் அவளின்ரை தேத்தண்ணி குடிக்கிறியள், அப்பிடித்தான் கதைப்பியள். அவளுக்கென்ன, புருசனுமில்லை, பிள்ளையுமில்லை. இழக்க ஒண்டுமில்லை. நாங்களெல்லோ பிள்ளைகுட்டிக்காரர்."

அதுக்குப் பிறகு வாசலடியில் நின்ற ஒருத்தி இன்னொரு சொல் சொன்னாள். அதை நான் என் வாயால் சொல்லமாட்டேன். அந்தக் காலம் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை ஒரு ஆளின் பெயரோடு சேர்த்துச் சொன்னால், விடியப் பார்க்க அந்த ஆள் செத்து லைற் கம்பத்தில் கட்டிக் கிடக்கும். இது சுவிஸ்தான், இங்கே கம்பத்தில் பூச்சாடி தொங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வாங்கின கொத்தமல்லியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இழக்க ஒன்றுமில்லையாம்.

கஜலக்சுமி எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி. சூரிச்சிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ்சில் போய், வெள்ளைக்காரர் வருமுன் அவர்கள் வேலை செய்கிற கந்தோர்களின் மேசை, நிலமெல்லாம் துடைத்துவிட்டு வருவாள். அதுக்கு முன் பன்னிரண்டு வருசம் டாவோசில், ஒரு ஹொட்டல் குசினியில் தட்டுக் கழுவினவள். அங்கே மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த குணசேகரத்தைத்தான் கட்டினாள். நல்ல மனுசன், அதிர்ந்து கதைக்கமாட்டார். ஐந்து வருசத்துக்கு முன் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம். கடுதாசியில் கையெழுத்து வைக்கமாட்டாள். வைக்கவே மாட்டாள் என்றில்லை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துக் காட்டவேண்டும். குணசேகரம் இருந்த காலத்தில் அவர் வாசிப்பார். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டுக்கு எழுதிப்போட்ட படிவத்தை மூன்று பின்னேரம் வாசித்தார், பாவம். அவர் போன பிறகு கைத்தொலைபேசியைக் கடுதாசிக்கு மேல் பிடிப்பாள், அது தமிழில் வாசிக்கும். அதையும் நம்பாமல் இரண்டாம் தரம் பிடிப்பாள். பார்சல் கொண்டுவருகிற பெடியன் அந்தச் சின்ன மெசினை நீட்டி விரலால் கீறச் சொன்னால், "வேண்டாம், கொண்டுபோ" என்று கதவைச் சாத்திவிடுவாள். தாய் ஊரிலிருந்து அனுப்பின மிளகாய்த்தூள் இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனது. சனம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

இனி தேர்தல் கதைக்கு வருகிறேன்.

இங்கே வோட்டுப் போட வரிசையில் நிற்கத் தேவையில்லை. கடித உறை வீட்டுக்கு வரும். உள்ளே ஒரு அட்டை, அதில் கையெழுத்து வைக்கவேண்டும். விருப்பமான ஆளின் பெயரைத் தாளில் கையால் எழுதலாம், ஒரே பெயரை இரண்டு தரமும் எழுதலாமாம். பிறகு ஒட்டித் தபாலில் போடவேண்டியதுதான். என் மனுசன் பாஸ்போட் எடுத்த நாளில் எனக்கும் சேர்த்துத் தந்தார்கள், அப்ப இந்த மொழிச் சோதனையெல்லாம் இல்லை. ஆனபடியால் எனக்கும் உறை வரும். நான் ஒரு நாளும் திறந்ததில்லை.

இந்த முறை நகரசபைக்கு மகேஸ்வரன் நின்றார். அவரை எனக்கு முப்பது வருசமாய்த் தெரியும். முந்தி தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர், பிறகு கோயில் சபைக்குத் தலைவர். என் மனுசன் மயங்கி விழுந்த அன்றைக்கு அவர்தான் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். இல்லையென்று சொல்லமாட்டேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம். வரும்போது உறையைக் கொண்டுவாருங்கள் என்று எல்லா வயசானவர்களுக்கும் சொல்லியிருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வரிசையில் நின்றோம். அர்ச்சனைச் சீட்டு எடுக்கிற மாதிரித்தான். மகேஸ்வரன் மேசையில் இருந்து அட்டையை எடுத்து, விரலால் இடத்தைக் காட்டுவார்.

"கையெழுத்தை மட்டும் வையுங்கோ ஆச்சி. மிச்சம் நான் பாக்கிறன்."

வைத்தேன். எனக்கு என் பெயர் மட்டும் எழுதவரும், அதுவும் பாஸ்போட்டுக்காகப் பழகினது. தாள் வெறுமையாய் இருந்தது. நான் கேட்கவில்லை. ஆரும் கேட்கவில்லை. எங்கள் ஆள், எங்கள் மண்டபம், வயிறும் நிறைஞ்சிருக்கு.

மகேஸ்வரன் வென்றார். மாலை போட்டோம். ஆனால் வோட்டு எண்ணினவர்கள் அதுக்கிடையில் ஒன்றைக் கண்டுவிட்டார்கள். நாற்பது தாளில் ஒரே ஆளின் எழுத்து. வெள்ளைக்காரருக்குக் கண் இருக்கென்று நாங்கள் நினைக்கவில்லை. அட்டைகளை எடுத்து, தங்களிடம் முந்தி இருந்த கையெழுத்துகளோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லார் கையெழுத்தும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கஜலக்சுமியின் பெயரில் இருந்தது.

அவள் மண்டபத்துக்கே வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேலை.

சாட்சிக்கு வரச்சொல்லிப் பொலிஸ் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அட்டையின் படமும் உள்ளே இருந்தது. இது உன் கையெழுத்தா, அதுதான் கேள்வி. ஓம் என்றால் கதை அதோடு முடியும். இல்லை என்றால் ஆரோ கள்ளக் கையெழுத்து வைத்திருக்கிறான். பிறகு மகேஸ்வரன் தப்பமாட்டார், எங்கள் நாற்பது பேரையும் ஒவ்வொருத்தராய்க் கூப்பிடுவார்கள்.

"என்ரை உறை எப்பிடி ஆச்சி அங்கை போனது?" இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "தபால்பெட்டியை ஆரோ திறந்திருக்கினம். இல்லாட்டி நகரசபைக் கந்தோர்க்காரரே செய்துபோட்டு என்னை மாட்டுறாங்களோ?"

தபால்பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். கட்டிடம் பார்க்கிற வெள்ளைக்காரர் வந்து அதைக் கழற்றச் சொன்னார். கழற்றின அடுத்த நாள் பெட்டிக்குள் ஒரு கடுதாசித் துண்டு கிடந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் தமிழ் எழுத்தென்று தெரியும், பெரிய எழுத்து. என்ன எழுதியிருக்கென்று நான் கேட்கவில்லை. அவள் முகம் போன போக்கில், கடையில் கேட்ட அதே சொல்தான் என்று விளங்கிவிட்டது. தொலைபேசி அடிக்கும், எடுத்தால் சத்தமிருக்காது. வேலைக்குப் போகையில் பஸ் தரிப்பில் நிற்கப் பயந்து, அடுத்த தரிப்புக்கு ஓடிப்போய் ஏறினாள். கதவில் ஒட்டியிருந்த தன் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"பாஸ்போட்டைப் பறிச்சுப்போடுவாங்களோ ஆச்சி?"

"அதெப்பிடிப் பறிப்பாங்கள்? சட்டமெண்டு ஒண்டிருக்கெல்லோ?"

"சட்டம் அங்கையும் இருந்தது." கடிதத்தை நாலாய் மடித்தாள். "மேசைக்கு அங்காலை இருந்தவங்களையும் நம்பினம். எங்களுக்காக அந்த மேசையிலை அடிச்சுக் கதைக்கிறம் எண்டு வந்தவையையும் நம்பினம். இஞ்சை இருக்கிற மேசை மட்டும் வேறை மரத்திலையோ செய்தது?"

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மகேஸ்வரன் அவள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டு, ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சிரித்துக்கொண்டுதான் கதைத்தார்.

"தங்கச்சி, ஒரு சொல்லுத்தான். ஓம், என்ரை கையெழுத்து. பத்து நிமிசத்திலை வீட்டை வந்திடலாம்."

"அது என்ரை இல்லையே அண்ணை."

"ஆர் கண்டது? ஒரு ஆளின்ரை கையெழுத்து நாளுக்கு நாள் மாறும்."

"நான் நாளுக்கு நாள் வைக்கிறேல்லையே."

அவர் பெரிதாய்ச் சிரித்தார். "உங்களுக்குப் பகிடி. முப்பது வருசம் நாங்கள் இவங்களின்ரை கக்கூசைக் கழுவினம். இப்பத்தான் ஒருத்தன் உள்ளை போய்ச் சபைக் கதிரையிலை இருக்கிறான். அது எனக்கில்லை, எங்கட சனத்துக்கு. நாளைக்குப் பேப்பரிலை தமிழர் கள்ளர் எண்டு வந்தால் உங்களுக்குச் சந்தோசமோ?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"அம்மா இப்ப ஊரிலை ஆரோடை இருக்கிறா?"

"தனியத்தான்."

"ம். வயசான காலம். எங்கட பெடியன் ஒருத்தன் போன கிழமை அந்தப் பக்கம் போனவன். உங்கட வீட்டுக் கேற்று நல்லாய்ப் பழுதாய்ப் போச்சுதாம், தள்ளினால் திறக்குதாம். கவனம் தங்கச்சி."

சொல்லிவிட்டு எழும்பினார். வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது, "சுகமாய் இருங்கோ ஆச்சி" என்றார் எனக்கு. என் மனுசனைக் காரில் தூக்கிப் போட்ட அதே கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்தினவுடன் அவள் தாய்க்கு எடுத்தாள். கிழவிக்குக் காது கேளாது, கத்திக் கத்திக் கேட்டாள். ஓம், ஒரு பெடியன் வந்தவன்தான், மோட்டார் சைக்கிளில். தண்ணி கேட்டுக் குடித்தானாம். சுவிசிலிருக்கிற மகளைப் பற்றி விசாரித்தானாம். நல்ல பிள்ளை, போகையில் கேற்றையும் சாத்திவிட்டுப் போனான் என்று கிழவி சந்தோசமாய்ச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அப்ப நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டு அவளைக் கேட்டேன்.

"ஓமெண்டு சொல்லிப்போடு பிள்ளை. ஒரு சொல்லுத்தானே. கொம்மாவை நினை. எங்களை நினை. இந்த வயசிலை என்னைப் பொலிசிலை கொண்டுபோய் இருத்தாதை."

அவள் என் முன்னால் நிலத்தில் இருந்தாள். அவளின் தம்பியைப் பற்றி எனக்கு அரைகுறையாய்த்தான் தெரியும், தொண்ணூற்றாறில் ஆமி பிடித்த பிள்ளை என்று மட்டும். மிச்சத்தை அன்றைக்குத்தான் சொன்னாள்.

தம்பிக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. ஆறு நாள் தாயும் மகளும் ஆமி முகாம் வாசலில் நின்றார்கள். ஏழாம் நாள் ஒரு அதிகாரி வெளியில் வந்து, சிங்களத்தில் அடித்த ஒரு கடுதாசியை நீட்டினான். முகம் சிரித்தபடி இருந்தது. தம்பியைப் பார்க்க விடுகிற துண்டென்று நினைத்து இவள் கையெழுத்து வைத்தாள். தாய்க்கு எழுதத் தெரியாது, அதனால் இவள். ஒரு கிழமை கழித்துப் போய்க் கேட்டால், அந்தக் கடுதாசியையே எடுத்துக் காட்டினார்கள். பெடியனை விட்டாச்சு, பொறுப்பெடுத்துக் கூட்டிக்கொண்டு போனது நீதான், இந்தா உன் கையெழுத்து.

"பேந்து எத்தினை விசாரணை வந்தது. எத்தினை தலைவர்மார் வந்திச்சினம். எல்லாருக்கும் அந்தத் துண்டின்ரை கொப்பி குடுத்தம். எங்களோடை நிண்டு படம் எடுத்தினம். தேர்தல் முடிய ஒருத்தரையும் காணேல்லை. அம்மா ஒரு நாளும் என்னை ஏசினதில்லை ஆச்சி. அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு."

"அது வேறை, இது வேறையெல்லோ பிள்ளை."

"ஓம், வேறைதான். அது என்ரை கையெழுத்து. அதை நான் மறுக்கேலாது. இது என்ரை இல்லை."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் எழும்பினேன். ஏனென்றால் அந்த உறை எப்படி மண்டபத்துக்குப் போனதென்று இந்த உலகத்தில் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். எழுதுகிற பிள்ளை, இதை விடாமல் எழுது.

அந்த உறை வந்த கிழமை, கஜலக்சுமி அதைத் திறக்காமல் என்னிடம் தந்தாள். "உங்கட பழைய பேப்பர்க் கட்டோடை சேத்துக் கட்டிப் போடுங்கோ ஆச்சி" என்றாள். இங்கே பழைய பேப்பரைக் கயிற்றால் கட்டித்தான் தெருவில் வைக்கவேண்டும், அவளுக்கு நேரமில்லை, நான்தான் கட்டுவேன். கட்டும்போது பார்த்தேன். புது உறை, மடிப்புக் கலையவில்லை. வீணாய் ஏன் போகவேண்டும், எங்கள் ஆளுக்கு ஒரு வோட்டுத்தானே என்று என் உறையோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு வரிசையில் மகேஸ்வரனிடம் நீட்டி, "இது கஜலக்சுமியின்ரை, அவள் போடமாட்டாளாம்" என்றேன். "அவவுக்கு எல்லாத்துக்கும் பயம், பாவம்" என்று வாங்கினார். பேனையின் மூடி அவர் வாயில் இருந்தது. நான் பாயசத்துக்குப் போய்விட்டேன்.

கடிதம் வந்து பதினைந்து நாள் இதைச் சொல்லாமல் இருந்தேன். அவள் தபால்பெட்டிக்குப் பூட்டுப் போட்டபோதும், பெயரைச் சுரண்டினபோதும் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளைகளுக்கு ஏதும் வருமோ, என்னைத் திருப்பி அனுப்புவார்களோ என்று நினைத்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். கடையில் போய் அவளுக்காகச் சண்டை பிடித்தேனே, அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

சாட்சிக்குப் போகவேண்டிய செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் படியேறிப் போனேன். அவள் மேற்சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் டொச்சில், அதுதான் இங்கத்தை ஜெர்மன் பாசையில், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், இது என் கையெழுத்தில்லை, இது என் கையெழுத்தில்லை என்று. டாவோஸ் குசினியில் பழகின டொச். மொழிபெயர்க்கத் தமிழாள் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டாள். வருகிற ஆள் ஆருடைய ஆளோ, ஆருக்குத் தெரியும்?

நான் இருக்கவுமில்லை. நின்றபடியே சொன்னேன்.

"உன்ரை உறையை நான்தான் பிள்ளை குடுத்தனான்."

அயன்பெட்டி அப்படியே நின்றது. துணி கருகின மணம் வந்த பிறகுதான் தூக்கினாள். சட்டையின் கையில் கோப்பி நிறத்தில் ஒரு அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்களை நான் நினைக்கவே இல்லை ஆச்சி. கந்தோர்க்காரரை நினைச்சன். தபால்காரனை நினைச்சன். கீழ்வீட்டு வெள்ளைக்காரியைக்கூட நினைச்சன்."

அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை. அலமாரியைத் திறந்து வேறு சட்டை எடுத்துப் போட்டாள், மேலே கடும்நீலக் கோட்டு. எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். தட்டில் கொஞ்சம் சிந்தியது.

"உள்ளை கேட்பாங்கள், உறையை ஆரிட்டைக் குடுத்தனி எண்டு. நான் உங்கட பேரைச் சொல்லவேணும்."

"சொல்லு."

"உங்களையும் கூப்பிடுவாங்கள். நீங்கள் கண்டதைச் சொல்லவேண்டி வரும், அவரின்ரை பேரோடை."

நான் முகத்தைத் திருப்பினேன். மாம்பழம் அந்தப் பையோடேயே குசினி மேசையில் கிடந்து பழுத்து நாறியது.

"ஆச்சி, விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ. குப்பையிலை போட்டனான், ஆரோ எடுத்திருக்கினம் எண்டு சொல்லுறன்."

அவள் பொய் சொல்லப் பழகாதவள், அந்த ஒரு வசனம் சொல்வதற்குள் முகம் சிவந்துபோனது. எனக்காகச் சொல்வாள் என்று விளங்கியது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன், அதையும் மறைக்கவில்லை.

"என்ரை முழுப்பேரையும் சொல்லு" என்றேன். "கூப்பிட்டால் வருவன். முழங்கால் நோ, லிப்ற் உள்ள இடமாய்க் கூப்பிடச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து கடிதம், பாஸ்போட், பஸ் காட் மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள். வெளியே படிகளில் ஆரோ நடக்கிற சத்தம், அது அடங்கும்வரை கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்துகொண்டு போனாள். லிப்ற்றில் ஏறவில்லை, படியால் இறங்கினாள். முதலாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடினது எனக்குக் கேட்டது.

நான் அவள் வீட்டுப் பல்கனிக்கு ஓடினேன், என்னால் ஓடக்கூடிய அளவுக்கு. கீழே, வருகிறவர்கள் கார் விடுகிற இடத்தில் மகேஸ்வரனின் சாம்பல் நிறக் கார், என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. அவள் வாசலைத் தாண்டினவுடன் கண்ணாடி இறங்கியது.

"தங்கச்சி, ஏறுங்கோ. நான் கொண்டுபோய் விடுறன்."

"பஸ் இருக்கு அண்ணை."

குரல் சின்னதாய்த்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. கார்க் கதவுக்கும் வாசலடிப் பூச்சாடிக்கும் இடையில் ஒரு ஆள் போகிற இடைவெளிதான். கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதுக்குள்ளால் போனாள். இந்த முறை அடுத்த தரிப்புக்கு ஓடவில்லை, எங்கள் தரிப்பிலேயே நின்றாள். பஸ் வர நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ எடுத்தது. கார் அசையவில்லை, அவளும் அசையவில்லை. பஸ் வந்தது, ஏறினாள், கதவு சாத்தியது.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு மகேஸ்வரன் காரைவிட்டு இறங்கினார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கட்டிடத்தை மெல்ல மெல்ல மேலே பார்த்துக்கொண்டு வந்து, மூன்றாம் மாடிப் பல்கனியில் நிற்கிற என்னைக் கண்டார். சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பார்க்கும்வரை நானும் அங்கேயே நின்றேன்.